பின்பக்கத்து ஆறு துளைகள்

புனேயில் ஆய்வு மாணவனாக இருக்கும் நான், சென்ற கோடையில் விடுதி நண்பருக்காக ஒரு மின் கிட்டாரின் உடற்பகுதியைச் செய்தேன். 1951 முதல் டெலிகாஸ்டர் எனப் பெயர்பெற்ற ஃபெண்டர் கிட்டாரைப் போல, அதில் தந்திகள் பின்புறமிருந்து மரத்தை ஊடுருவி பிரிட்ஜை அடையவேண்டும். கைத் துளைப்பானால் முன்பக்கத்திலிருந்து ஆறு துளைகள் இட்டேன். முன்பக்கம் நேர்வரிசை, திருப்பினால் கோணல். 45 மில்லிமீட்டர் தடிமனில் 2 பாகை சாய்ந்தாலே துளை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும்.

"வாசிக்கும்போது பின்பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் நண்பர். உண்மைதான், தந்தியின் அதிரும் நீளத்தை வரையறுப்பவை பிரிட்ஜும் நட்டுமே. ஆயினும் அப்போது என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஓர் அளவீட்டுப் பிழை திருத்தப்படாமல் கிடந்தது. அதையும் எவரும் பார்க்கமாட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன்.

முன்பக்கத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் விட்டு, துளைகளைப் பின்புறமிருந்து அகலமாக்கி, கடின மரக் குச்சிகளைப் பசையிட்டு அடைத்தேன். மறுநாள் பட்டறையின் நிலைத் துளைப்பொறி மேடையில், துளைமுனைக்கு நேர்கீழே ஒரு சிறு முளையைப் பதித்தேன். முன்பக்கத் துளை ஒவ்வொன்றையும் அம்முளையில் அமர்த்தி, மேலிருந்து துளைத்தேன். பின்பக்கமும் நேரானது.

அதே வாரம் பின்னிணைப்பைத் திருத்தினேன். ஒரு முடிவைக் கைவிட நேர்ந்தது. நெறியாளரிடம் அதைச் சொல்வது துளையிடுவதைவிடக் கடினமாக இருந்தது.

அடைத்த மரத்தின் நிறம் வேறு. ஆறு வட்டங்களும் இன்றும் தெரிகின்றன. சாயம் பூசி மறைக்கவில்லை. ஆய்வேட்டிலும் அத்திருத்தம் அடிக்குறிப்பாகவே நிற்கிறது.