கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் மரம் தேடி

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கு நோக்கிச் செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில் அமைந்திருக்கிறது கீழ்பென்னாத்தூர். பாறைக் குன்றுகளும், மழையை நம்பி வாழும் ஏரிகளும், நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளையும் வயல்களும் சூழ்ந்த ஊர் இது. சந்தனத்திற்குப் பெயர்பெற்ற சவ்வாது மலை இதே மாவட்டத்தில் இருந்தாலும், அது வடமேற்கே தொலைவில் நிற்கிறது. இங்கு ஒரு குடும்பத்தினர் வீட்டிற்கு நிலைக்கதவோ, கட்டிலோ, பிள்ளைகள் படிக்க ஒரு மேசையோ செய்ய விரும்பினால் மரத்திற்கு எங்கே போவார்கள்? இக்கேள்வியை மனத்தில் கொண்டு நாம் இச்சாலையில் பயணம் செய்தோம்.

இன்றைய விடை எளிதானது. மரவாடிக்குப் போகிறார்கள், தேக்கு கேட்கிறார்கள், பணம் போதாவிட்டால் கடன் வாங்குகிறார்கள். ஆனால் அதே குடும்பத்தின் கொல்லையில் முப்பது ஆண்டுகளாக நின்ற வேம்பையோ பூவரசையோ விறகு வியாபாரி டன் கணக்கில் எடை போட்டு ஏற்றிச் சென்றிருப்பார். தன் மரத்தை அடுப்புக்கு விற்று, கடல் கடந்து வந்த மரத்தைக் கதவுக்கு வாங்கும் இந்த விந்தையைப் பற்றி நாம் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

சாலையோரத்துப் பாடம்

கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வரை செல்லும் இந்நெடுஞ்சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் புளியமரங்கள் நிழல் பரப்பி நின்றன. சாலை அகலமாக அகலமாக அவற்றுள் பல மறைந்தன. எஞ்சியவற்றைக் காண்போர் புளியம்பழத்தை மட்டுமே நினைப்பர்; தச்சரோ அதன் வயிரத்தை நினைப்பார். இறைச்சிக் கடையில் வெட்டும் கட்டை புளியங்கட்டைதான். நாள்தோறும் கத்தி விழுந்தாலும் பிளவாத உறுதி அதற்கு உண்டு. ஆனால் அந்த உறுதியே அறுப்பதற்கும் இழைப்பதற்கும் தடையாகிறது. ஆகவே புளி மேசைப் பலகைக்கு ஏற்றதன்று. அடி தாங்கும் பொருளுக்கே ஏற்றது.

ஊரை அடுத்த ஒரு பட்டறையில் முதிய தச்சர் ஒருவரைக் கண்டோம். “ஐயா, வீட்டு வேலைக்கு எந்த மரம் நல்லது?” என்று கேட்டோம். அவர் இழைப்புளியை நிறுத்திவிட்டு, “என்ன வேலை என்று முதலில் சொல்லுங்கள் தம்பி, மரத்தை அப்புறம் பார்ப்போம்” என்றார். மரம் வாங்கும் கலை முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

எதற்கு எந்த மரம்

நம் முன்னோர் ஒவ்வொரு பணிக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்து வைத்திருந்தனர். ஏருக்கும் வண்டிக்கும் கருவேலம், எண்ணெய்ச் செக்கிற்கு வாகை, தேருக்கு இலுப்பை, வீணைக்கும் மிருதங்கத்திற்கும் பலா, நாகசுரத்திற்கு ஆச்சா, கூரைச் சட்டத்திற்கு முதிர்ந்த பனை. இவற்றுள் எதுவும் தற்செயலாக அமைந்ததன்று. பனையின் வெளிப்புறம் இரும்பு போன்றது. உட்புறம் சோற்றுப் பகுதி. எனவே ஆண்டு பல கண்ட பனையின் புறப்பகுதியையே சட்டமாகப் பிளந்தனர். இன்று பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது.

வீட்டுப் பொருள்களுக்கு இப்பகுதியில் எளிதாகக் கிடைப்பவை வேம்பும் பூவரசும் மாவும் வாகையும் ஆகும். வேம்பு, உலகம் போற்றும் மகோகனி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார். அதன் செந்நிற வயிரம் அலமாரிக்கும் பெட்டிக்கும் கதவுச் சட்டத்திற்கும் தகுதியானது. பூவரசு மெல்லிய மணிகள் ஓடும் அழகிய மரம். நீரையும் ஓரளவு தாங்கும். பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தில் கிண்ணங்கள் கடைந்து, விலையுயர்ந்த கலைப்பொருளாகப் போற்றுகின்றனர். வாகையின் கரும்பழுப்பு வயிரம் மேசைப் பலகைக்கு எடுப்பாக இருக்கும். மா மலிவானது, ஆனால் உளுத்துப்போகும் இயல்புடையது, மருந்திட்டு உலர்த்தினாலன்றி நீண்ட நாள் உழைக்காது.

நாம் வெறுத்து ஒதுக்கும் சீமைக் கருவேலத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பிடித்துக்கொள்ளும் அதனை அகற்றுவது முறையே. ஆயினும் அகற்றிய மரத்தைக் கரியாக்கித்தான் தீர வேண்டுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதன் இனத்து மரங்களைக் கொண்டு தரைப்பலகையும் நாற்காலியும் செய்கின்றனர். ஈரம் ஏறி இறங்கினாலும் மிகக் குறைவாகவே சுருங்கும் மரம் அது. நம்மூரில் வளைந்து நெளிந்து வளர்வதால் நீண்ட பலகை கிடைக்காது. ஆனால் கைப்பிடி, முக்காலி, சிறு பெட்டி ஆகியவற்றுக்கு அதுவும் பயன்படும்.

தேக்கின் பெருமை

இவ்வாறு சொல்வதால் தேக்கைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று எண்ண வேண்டா. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கறையான் எளிதில் அண்டாது, குறைவாகச் சுருங்கும், உளிக்கு இணங்கும். பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், நிலம்பூரில், கலெக்டர் கானலி என்பவர் 1840-களில் தேக்குத் தோட்டம் போடச் செய்தார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் தேக்கு என்ற பெயர் ஒன்றே தரத்திற்குச் சான்றாகாது. மியான்மர் நாடு 2014 ஏப்ரல் முதல் உருண்டைக் கட்டைகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு இன்று நம் துறைமுகங்களுக்கு ஏராளமாக வருகிறது. இளமையில் வெட்டிய மரத்தில் வயிரம் குறைவு. வெளிர்நிறப் புறமரம் மிகுதி. அப்புறமரத்திலுள்ள மாவுச்சத்தே வண்டுக்கு உணவு. ஆகவே இளந்தேக்கின் வெளிர்ப் பகுதியைவிட முதிர்ந்த வேம்பின் வயிரம் எவ்வளவோ மேலானது.

மரவாடியில் கணக்கு

மரவாடிக்குச் செல்வோர் இரண்டு கணக்குகளைத் தெரிந்துகொள்வது நலம். அறுத்த மரத்திற்கு, அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, 144-ஆல் வகுத்து, அடியில் எடுத்த நீளத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். 6 அங்குல அகலமும் 2 அங்குலக் கனமும் 12 அடி நீளமும் உடைய பலகை சரியாக ஒரு கன அடி. 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் கொண்ட ஒரு நிலைக்கு, நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி நீளச் சட்டம் வேண்டும். 5-க்கு 3 அங்குலச் சட்டமானால் ஏறத்தாழ 2.2 கன அடி. இக்கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு சென்றால் கடையில் திகைக்க நேராது.

உருண்டைக் கட்டைக்கு முறை வேறு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவர். 4 அடிச் சுற்றளவும் 8 அடி நீளமும் உடைய கட்டை இம்முறையில் 8 கன அடி. உண்மையான பருமன் 10 கன அடிக்குச் சற்று அதிகம். அந்த வேறுபாடு, பட்டைக்கும் அறுப்பில் போகும் தூளுக்கும் விடப்பட்ட கழிவு. கொல்லையில் நிற்கும் மரத்தை விற்க நினைப்பவரும் இவ்வாறு ஒரு முறை அளந்து பார்க்கட்டும். விறகு விலையில் எதை இழக்கிறோம் என்பது விளங்கும்.

பலகையைக் கையில் எடுத்ததும் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்து நீளவாக்கில் நோக்குக. முறுக்கும் வளைவும் தெரியும். வெட்டு முகத்தைப் பார்க்க. மரத்தின் நடுக்குருத்து பலகைக்குள் அடங்கியிருந்தால் பின்னர் வெடிக்கக்கூடும். சிறு துளைகளும் அவற்றின் கீழே புதிய மாவுத் தூளும் காணப்பட்டால் வண்டு இன்னும் உள்ளே வாழ்கிறது என்று பொருள். அத்தகைய பலகையை விலை மலிந்தாலும் வாங்கற்க.

இடித்த வீடுகளின் மரமும் சிறந்ததே. புதுச்சேரியிலும் காரைக்குடிப் பக்கத்திலும் பழைய தூண்களும் கதவுகளும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒரு தலைமுறைக்கு மேல் உலர்ந்த மரம் இனிச் சுருங்க என்ன இருக்கிறது? ஆணியும் கறையான் அரித்த இடமும் உள்ளனவா என்று மட்டும் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரமே பகை

மரத்தைவிட முக்கியமானது அதன் ஈரம். பச்சை மரத்தில் உலர்ந்த மரத்தின் எடையில் பாதியளவும், சில வேளைகளில் அதற்கு மேலும் நீர் இருக்கும். வீட்டுப் பொருளுக்கு அது சுமார் 12 சதவீதமாக இறங்க வேண்டும். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்திற்குக் கீழே குறையும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது; அதுவும் வளையங்களின் போக்கில், குறுக்குவாக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வே பலகையைக் கோணச் செய்கிறது. சித்திரை வெயிலில் இடைவெளி விடும் கதவு, ஐப்பசி மழையில் இறுகிப்போவதும் இதனால்தான்.

கொல்லை மரத்தை வெட்டினால் காலந்தாழ்த்தாமல் மர அறுவை மில்லில் அறுக்க வேண்டும். பலகைகளைத் தரையில் படாமல், ஒரே கனமுள்ள சிறு குச்சிகளை இடையிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்குக. வெட்டு முனைகளில் வண்ணமோ சாணமோ பூசினால் முனை வெடிக்காது. வண்டு அணுகாதிருக்க, கட்டைகளை ஏரி நீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைப்பது பழைய முறை. வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் நனைப்பது இன்றைய முறை. ஓரங்குலப் பலகை நம் வெயில் நாட்டில் சில மாதங்களில் உலரும். தடித்த சட்டங்களுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் தேவை. உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு: ஒரு துண்டை வாரந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்து வருக, எடை குறைவது நின்றால் மரம் ஆயத்தம்.

தேக்கு, சந்தனம் போன்றவற்றை வெட்டவும் கொண்டுசெல்லவும் அரசு விதிகள் உண்டு. 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் அவற்றுள் முக்கியமானவை. நம் நிலத்து மரமேயாயினும், எதை வெட்டுவதற்கு முன்னும் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

இவற்றுக்கெல்லாம் வேண்டுவது பணமன்று, பொறுமையே. வீடு கட்டுவதென்று முடிவு செய்த நாளிலேயே மரத்தைப் பற்றி நினைத்தால், அடித்தளம் எழும் முன் பலகை காயத் தொடங்கிவிடும். கிருகப் பிரவேசத்திற்குப் பத்து நாள் இருக்கும்போது மரவாடிக்கு ஓடுபவர், கிடைத்த ஈர மரத்தைத் தேக்கு விலைக்கு வாங்கி வருவார். அடுத்த கோடையில் தச்சரைக் குறை கூறுவார்.

பட்டறையை விட்டுப் புறப்படும் வேளையில், முற்றத்தில் கிடந்த பூவரசங்கட்டை ஒன்றைக் காட்டி, “யாருக்காக ஐயா?” என்று வினவினோம். “பேத்திக்குக் கட்டில். அவள் கல்யாணத்திற்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, மரமும் அதற்குள் காய்ந்துவிடும்” என்றார் அவர். கல்யாணத் தேதிக்கு முன்பே கட்டில் மரம் வந்து சேர்ந்திருக்கிறது! நம் இல்லங்களிலும், வேலிக்குள் ஒரு வேம்பும் கிணற்றடியில் ஒரு பூவரசும் இவ்வாண்டு மழைக்கு நட்டு வைப்போமாயின், அவற்றின் வயிரம் நமக்கன்று, நம் பேரப்பிள்ளைகளின் வாசற்கதவுக்கு உதவும்.