பீரோ சாவி யாரிடம்?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரி உச்சியில் கிடக்கும் பீரங்கியைத் தொட்டுப் பார்க்காமல் இறங்குவதில்லை. அங்கே போவதற்கு ஒரு பாலத்தைக் கடந்திருப்பார்கள். அதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. உச்சிப் பாறையை மலையின் மற்ற பகுதியிலிருந்து துண்டிக்கும் ஆழமான பிளவின் மேல் போட்ட பாலம் அது. அந்தக் காலத்தில் அங்கிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழி கிடையாது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றுதான். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையைக் காக்க வைத்த இதே கோட்டைக்குள், 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் புகுந்துவிட்டது. பாறையும் மதிலும் மாறவில்லை; காவலுக்கு இருந்த ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். துப்பாக்கி உரிமம் கேட்பவரின் வீட்டைப் பார்க்க வரும் விசாரணையைப் பற்றி யோசிக்கும்போது இந்த இரண்டு நிகழ்வுகளும் எனக்கு உதவுகின்றன. பூட்டைப் பார்ப்பது முக்கியம். சாவி யாரிடம் என்று பார்ப்பது அதைவிட முக்கியம். நம் விசாரணை முறை இரண்டையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, மனுதாரரின் ஊர் மதிப்பை அளப்பதிலேயே நின்றுவிடுகிறது என்பது என் குறை.

செஞ்சி வட்டாரத்தில் உரிமம் கேட்பவர்கள் யார்? பக்கமலைக் காட்டோரத்தில் மணிலாவும் கரும்பும் போட்டுக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுப்பவர்கள், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலுக்குப் போக விரும்புகிறவர்கள், ஒதுக்குப்புறமான நிலத்து வீட்டில் பணம் புழங்கும் தொழில் செய்பவர்கள். மனு விழுப்புரத்தில் ஆட்சியரிடம் போகிறது. அங்கிருந்து ஒரு கிளை காவல் துறை வழியாக நிலையத்துக்கும், இன்னொரு கிளை வருவாய்த் துறை வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கி, அறிக்கைகளாக மறுபடி மேலே ஏறுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரியிடம் அறிக்கை கேட்டாக வேண்டும் என்கிறது. குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு உடல், மனநல மருத்துவச் சான்றும், ஆயுதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழியும் மனுவோடு சேர்ந்துகொண்டன. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் உறுதிமொழி என்பது கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் உள்ள அறையைப் போய்ப் பார்ப்பதுதான் விசாரணையின் வேலை.

பார்ப்பது என்றால் என்ன? நம் ஊர் வீடுகளில் பூட்டிய இடம் என்றால் இரும்பு பீரோ. கண்ணாடி பதித்த கதவு, உள்ளே ஒரு லாக்கர். பட்டுப்புடவை, நகை, பத்திரம் எல்லாம் அதில்தான். அதன் சாவி சாமி படத்துக்குப் பின்னால் உள்ள ஆணியில் தொங்கும், அல்லது மடித்த புடவைகளுக்கு அடியில் கிடக்கும். திருடனுக்குத் தெரியாத இந்த இடம் வீட்டிலுள்ள எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். துப்பாக்கி ஒரு அறையில், தோட்டா வேறொரு பூட்டில் என்று பிரித்து வைக்கும் பழக்கம் எத்தனை வீட்டில் உண்டு? வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கியில் நிலைமை இன்னும் சிக்கல். கருமருந்து தனி, ஈயக்குண்டு தனி, கேப்பு தனி. பன்றி எந்த நேரம் வரும் என்று தெரியாததால் முன்கூட்டியே கெட்டித்துச் சுவரில் சாத்தி வைக்கத் தோன்றும். விசாரணைக்கு வருகிறவர் பார்க்க வேண்டியது அந்தச் சுவரையும் ஆணியையும்தான். மனுதாரர் மேல் வழக்கு உண்டா, ஊரில் நல்ல பெயரா, எத்தனை ஏக்கர் என்று மட்டும் எழுதிக்கொண்டு திண்ணையிலிருந்தே திரும்பினால், வீட்டுக்கு வந்தும் வீட்டைப் பார்க்கவில்லை என்றே பொருள்.

ஏக்கர் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து உரிமத்தை மறுக்கக்கூடாது என்று 14ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. ஓட்டு வீட்டுக்காரருக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் ஒரே அளவுகோல் என்பது சட்டத்தின் எண்ணம். ஆனால் விசாரணை பூட்டை விட்டு அந்தஸ்துக்குப் போகும்போது, ஓட்டு வீட்டில் தரையோடு முடுக்கிய இரும்புப் பெட்டி இருந்தாலும் அது எடுபடாது. மாடி வீட்டில் துப்பாக்கி கட்டிலுக்கடியில் கிடந்தாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

வெளிநாட்டு அனுபவம் இதற்கு வலுவான சான்று. ஜெர்மனியில் வின்னென்டன் என்ற சிற்றூரில் 2009 மார்ச்சில் ஒரு பதின்வயது இளைஞன் 15 பேரைச் சுட்டுக் கொன்றான். தந்தை முறையான உரிமம் பெற்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர். மற்ற ஆயுதங்களை இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தவர், ஒரு கைத்துப்பாக்கியை மட்டும் படுக்கையறையில் விட்டிருந்தார். மகன் எடுத்தது அதைத்தான். தந்தை மீது வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. அதே ஆண்டு அந்நாடு சட்டத்தைத் திருத்தி, சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆயுதம் வைத்திருக்கும் முறையைச் சோதிக்க அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. ஜப்பானில் துப்பாக்கிப் பெட்டியும் தோட்டாப் பெட்டியும் வீட்டில் எங்கே இருக்கின்றன என்பது காவல் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆயுதத்தை ஆண்டுதோறும் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். ஆனால் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்தது வேறு பாடம். அடிதடிப் புகாரால் ஒருவரிடமிருந்து பறித்த துப்பாக்கியை 2021 ஜூலையில் காவல் துறையே திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதம் அவர் ஐந்து பேரைக் கொன்றார். அங்கே பெட்டியிலும் பூட்டிலும் குறை இல்லை. பெட்டிக்குச் சொந்தக்காரரைப் பற்றித் தெரிந்த தகவலுக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டாரிடம் தனியாகப் பேசுவதுதான் விசாரணையின் உயிர்நாடி என்று தோன்றுகிறது. மனைவியிடமோ தாயிடமோ, கணவரோ மகனோ பக்கத்தில் நிற்காமல், ஒரு பெண் காவலர் கேட்கட்டும்: குடி உண்டா, கை நீளுமா, மனம் உடைந்து பேசியதுண்டா, இது வீட்டுக்குள் வருவதில் உங்களுக்குச் சம்மதமா? அந்தப் பதில் ரகசியமாக இருக்க வேண்டும்.

மனம் உடைவதைப் பற்றிய கேள்வி அதிகப்படியல்ல. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது, 1995க்குப் பின் பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகிவிடவில்லை. தாங்க முடியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது மாறியது, அவ்வளவுதான். இரண்டு பூட்டும் வேறொருவர் கையில் ஒரு சாவியும் அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்த உதவும்.

வீட்டுக்குள் போலீஸ் வருவதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கரக் சிங் வழக்கில் 1962லேயே உச்ச நீதிமன்றம், கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீடு தேடி வரும் காவல் துறை வழக்கத்தைச் செல்லாது என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையானது. ஆனால் கரக் சிங் எதையும் கேட்டு மனுப் போடவில்லை. இங்கே மனுதாரர் தாமாக வந்து கேட்கிறார். ஜெர்மனியிலும், உடனடி ஆபத்து இல்லாதபோது, வீட்டுக்காரர் மறுத்தால் உள்ளே நுழைய முடியாது. மறுப்பு அவருடைய நம்பகத்தைப் பாதிக்கலாம், அவ்வளவே. நாமும் அப்படியே செய்யலாம்: பகலில், முன்கூட்டிச் சொல்லி, ஆயுதம் இருக்கப்போகும் அறையை மட்டும் பார்க்கட்டும். இன்னொரு முணுமுணுப்பு, விசாரணை என்றாலே ‘கவனிக்க’ வேண்டியிருக்கும் என்பது. பூட்டு, சாவி, தோட்டா இடம் என்று அச்சிட்ட படிவத்தில் ஆம், இல்லை குறித்து, ஒரு நகலை மனுதாரரிடமே கொடுத்துவிட்டால் பேரத்துக்கு இடம் சுருங்கும். வீட்டார் ரகசியமாகச் சொன்னது மட்டும் தனி உறையில் மேலே போகட்டும். அவசரத்துக்கு உதவாத பூட்டிய துப்பாக்கி எதற்கு என்பவருக்கு, வின்னென்டன் தந்தையும் ஒன்றை அப்படித்தான் வெளியே வைத்திருந்தார் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையிலேயே கனமான ஆட்சேபம் ஒன்றுதான். உரிமம் கேட்டு வருகிறவர் ஒழுங்கானவர். உரிமமே இல்லாத கள்ளத் துப்பாக்கி காட்டோரத்தில் இருக்கும்போது இவரை ஏன் நோண்டுகிறீர்கள்? கள்ளத் துப்பாக்கி இருக்கிறது என்பது உண்மை. அலைக்கழிக்கும் விசாரணை சிலரை அந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் உண்மையாக இருக்கலாம், குறிப்பாகத் தலைமுறை தலைமுறையாக வேட்டைத் துப்பாக்கியோடு வாழ்ந்து, 2023இல்தான் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற நரிக்குறவர்களை. பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் தரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் கையில் உரிமம் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று ஆகிவிடாது, அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இதையும் விசாரணைக்கு வருகிறவரே சொல்லிவிட்டுப் போகலாம். அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குறைக்க வேண்டியது மேசைக்கு மேசை நகரும் காகிதத்தை. வீட்டில் செலவிடும் அரை மணி நேரத்தைக் கூட்டத்தான் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். ஐந்தாண்டில் பையன் வளர்ந்துவிடுவான், குடி தொற்றியிருக்கும், வீடே மாறியிருக்கும். ஆகவே இடையில் ஒரு முறையாவது வந்து பார்ப்பது அவசியம். தேர்தல் வந்தால் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறோமே, ஓட்டுக்குக் காட்டும் அந்த அக்கறையை வீட்டுக்கும் காட்டலாம்.

மனு எழுத உட்காருகிறவருக்கு ஒரு வார்த்தை. போலீஸ் வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் மனுவைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.