கோல் கைமாறும் இடம்

தமிழாசிரியனுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர் சிலர் உளர். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்துடன் இக்கல்லூரிக்கு வந்த நாள் தொட்டு இலக்கணமும் யாப்பும் கற்பிப்பதே என் தொழில். ஆயினும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அஞ்சலோட்ட அணியைப் பழக்கும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்பால் இருந்து வருகின்றது. யாப்புக் கற்பிப்பவனுக்கு அஃது அத்துணை அந்நியமானதன்று. சீர்கள் தனித்தனியே செம்மையாக அமைந்திருந்தும், ஒன்றோடொன்று சேருமிடத்தில் தளை தட்டினால் செய்யுள் கெடும். 4×100 மீற்றர் அஞ்சலோட்டமும் அத்தகையதே.

2016 ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் யப்பானிய ஆடவர் நால்வர் அவ்வோட்டத்தை 37.60 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றனர். அந்நால்வருள் ஒருவரேனும் அதுவரை 100 மீற்றரை ஏற்கப்பட்ட பெறுபேறாக 10 செக்கனுக்குள் ஓடியவரல்லர். அவர்களிலும் விரைவான ஓட்டக்காரரைக் கொண்ட ஐக்கிய அமெரிக்க அணி மூன்றாவதாக வந்தும், உரிய வலயத்தினுட் புகுமுன்னரே கோல் கைமாறத் தொடங்கியமையால் நீக்கப்பட்டது.

கோலை வாங்குபவன் திரும்பிப் பாராது ஓடுகின்றான். வருபவன் தரையிலிட்ட அடையாளத்தைக் கடந்ததும் இவன் புறப்படவேண்டும். பின்னால் எழும் குரல் கேட்டவுடன் கை பின்னே நீளவேண்டும். நீளும்போது கால் தளரலாகாது, தோள் திரும்பலாகாது. கண், காது, கை, கால் தத்தம் தொழிலைச் செய்வது அரிதன்று. ஒன்று செய்யும்போது மற்றொன்று குழம்பாதிருப்பதே அரிது. மேலும், முதலாமவனும் மூன்றாமவனும் வளைவில் உட்கோட்டை அணைந்து ஓடுவதற்காகக் கோலை வலக்கையிற் கொள்வர். ஆகவே இரண்டாமவனும் நான்காமவனும் இடக்கையால் வாங்கவேண்டும். நம் சிறுவருட் பெரும்பாலோருக்கு இடக்கை விருந்தாளி போன்றது, அழைத்தாலன்றி வாராது.

நான் கையாளும் முறை எளிது. முதலிரு வாரங்கள் ஓட்டமே இல்லை. நால்வரும் ஒருவர் பின் ஒருவராக நின்றபடி கை வீசி, "இந்தா" என்னும் குரலுக்குக் கோல் மாற்றுவர். கோல் என்பதும் வேலிக் கதியாலில் முறித்த பூவரசந் தடியே. பின் நடை, அதன்பின் மெல்லோட்டம், கடைசியிலேயே முழு வேகம். வேகம் கூடுகையில் பிழை தோன்றினால் மீண்டும் நடைக்கே வருவோம். "சேர், எப்ப ஓட விடுவீங்கள்?" என்று நாளும் கேட்பர். இரண்டாமவன் வீட்டிலும் இடக்கையாற் பந்தெறிந்து பிடிக்கவேண்டும் என்பது தனிக் கட்டளை.

பாடசாலைகள் பலவற்றில் போட்டிக்கு ஒரு கிழமை முன்னர் நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு விரைவான நால்வரைத் தெரிந்து, கோலைக் கையிற் கொடுத்துவிடுகின்றனர். அசைவின் இயைபு அவ்வாறு வாராது. அது உடம்பிற் பதியத் திங்கள் பல வேண்டும். பிள்ளைகளின் மாலைப் பொழுதோ தனியார் வகுப்புகளுக்கு அடகு வைக்கப்பட்டுள்ளது. நால்வரில் ஒருவன் நின்றுவிட்டால் மற்றை மூவரின் பழக்கமும் வீணே. அவனிடத்தில் அவனிலும் விரைந்தோடும் ஒருவனை நிறுத்தியும் பயனில்லை. மகனைப் பாதியில் மறிக்க வந்த தந்தையார் ஒருவருக்கு இதனை விளக்க நான் பட்ட பாடு, வகுப்பில் அசையும் சீரும் விளக்குவதிலும் பெரிது. ஈற்றில் வாரத்தில் இரு மாலைகளை விட்டுத்தர அவர் இசைந்தார். பழைய மாணவருட் பலர் இன்று பெற்றோராகவும் இருப்பதால், அவ்விரு மாலைகளை அவர்களிடமும் கேட்கின்றேன்.

அந்த மகனே இவ்வாண்டு எங்கள் இரண்டாம் ஓட்டக்காரன். இடக்கை நன்கு பழகிவிட்டது. பக்கத்து வளவு மாங்காய்களை அக்கையாலேயே கல்லெறிந்து விழுத்துகின்றானாம். வளவுக்காரரின் முறைப்பாடு என்னிடமே வருகின்றது.