பழியை ஃபிலிம் மேல் போட்டேன்

என் பெரியப்பா எடுத்த 8 மி.மீ. ரீல்களில் இரண்டு கெட்டுப்போயின. அவை பழசாகி உளுத்துவிட்டன என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படி நம்பவைத்தவன் நான். ஃபிலிம் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது புரொஜெக்டர். கெடுக்கிறது என்று தெரிந்த பிறகும் ஓட்டியவன் நான்.

பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1960களில் அங்கே வாங்கிய கேமராவை லீவுக்கு வரும்போதெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்து வீட்டு விசேஷங்களைப் படம் பிடித்தார். எல்லாம் கோடாக்ரோம். அது ரிவர்சல் ஃபிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவிப் படமாகத் திரும்பி வரும்; நெகட்டிவ் கிடையாது. ரீல் போனால் படமும் போனதுதான். இது எனக்கு முன்பே தெரியும்.

அவர் காலமான பிறகு புரொஜெக்டர் பரணிலேயே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தபோது, தாத்தா எடுத்த படத்தைக் காட்ட முடியுமா என்று பெரியம்மா கேட்டார். நான் முடியும் என்றேன். பிசினாக இளகிவிட்ட ரப்பர் பெல்ட்டை மாற்றினேன். லென்ஸைத் துடைத்தேன், மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். விளக்கு எரிந்து மோட்டாரும் சுற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஃபிலிம் படுகிற பாகங்களை நான் திறந்தே பார்க்கவில்லை.

அங்கேதான் கோளாறு எல்லாம் இருந்தது. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் பாதைக்குக் கேட் என்று பெயர். அதற்குள் ஃபிலிம் ஒரே சீராக ஓடுவதில்லை. நொடிக்கு 16 அல்லது 18 தடவை நின்று நின்று நகர்கிறது. சின்ன உலோகக் கொக்கி ஒன்று ஓரத் துளைக்குள் நுழைந்து, ஒரு ஃபிரேமைக் கீழே இழுத்துவிட்டு வெளியே வரும். துளையில் சரியாக நுழையாவிட்டால் அது ஃபிலிமையே குத்தும். 1932இல் வந்த பழைய 8 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 80 ஃபிரேம்; 1965இல் வந்த சூப்பர் 8இல் 72. துளையின் அளவும் இடமும்கூட வேறு. எங்கள் புரொஜெக்டர் இரண்டையும் ஓட்டக்கூடியது. மாற்றுவதற்கு வெளியே ஒரு லீவர் உண்டு. அதை நான் பழைய 8க்குத் திருப்பித்தான் வைத்தேன். ஆனால் உள்ளே கிரீஸ் இறுகிப்போயிருந்ததால் கொக்கி முழுவதும் நகராமல் பாதியில் நின்றுவிட்டது. போதாததற்கு, கேட்டின் தகட்டில் பழைய ஃபிலிம் மருந்து உரிந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

முதல் ரீல் பெரியக்காவின் காதுகுத்து. ஓட ஆரம்பித்த சற்று நேரத்திலேயே மெஷினின் சத்தம் மாறி, டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. சுவரில் படம் மேலும் கீழும் குதித்தது. அப்போதே சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடாத மெஷினை ஓடவைத்துவிட்டான் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டை விட எனக்கு மனம் வரவில்லை. ரீல் முடியும்வரை ஓட்டினேன்.

எல்லோரும் படுத்த பிறகு கேட்டைத் திறந்தேன். அடியில் மயிரிழை போன்ற ஃபிலிம் சிராய்கள் குவிந்திருந்தன. ஃபிலிமின் ஓரத்தை விரலால் தடவினால் துளைக்குத் துளை பிசிறு தட்டியது. நடுவில் நெடுகிலும் ஒரு கோடு. என்ன நடந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெரியம்மாவிடம், “ஃபிலிம் சுருங்கிப்போச்சு, அதான் கிழியுது” என்றேன். பழைய அசிடேட் ஃபிலிம் சுருங்குவது உண்மை. அப்படிக் கெடும்போது காடி வாசனையும் வரும். இந்தப் பெட்டியில் அந்த வாசனையே இல்லை. எனக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே பொய் சொன்னேன். “அவரு காலத்துச் சாமான், எத்தனை நாளைக்குத் தாங்கும்? நீ மனசக் கஷ்டப்படுத்திக்காதப்பா” என்று அவர் என்னைத் தேற்றினார்.

அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. இருப்பது மொத்தமும் கெடுவதற்குள் இன்னொரு ரீலைப் பார்த்துவிடலாம் என்றார் பெரியம்மா. கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற பெரியப்பா, வேறு யாரோ எடுத்ததால் தானும் படத்தில் வருகிற ஒரே ரீல் அது. மெஷினில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டவன் எதைக் காட்டி மறுப்பேன்? கேட்டை மட்டும் துணியால் துடைத்துவிட்டுப் போட்டேன். அந்த ரீலின் துளைகளும் கிழிந்தன. பெரியப்பாவின் முகத்தின் குறுக்கே இப்போது வெள்ளைக் கோடு ஓடுகிறது. மருந்து பூசாத முதுகுப் பக்கத்துக் கீறல் என்றால் ஸ்கேன் செய்யும்போது பெருமளவு மறைக்கலாம். வெள்ளைக் கோடு என்றால் வண்ண மருந்தே சுரண்டப்பட்டுவிட்டது என்று பொருள். அது திரும்பி வராது.

இதை எழுதுவதற்கு முன் பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ரீலப் போடச் சொல்லியிருக்க மாட்டேனே” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். முதல் ரீலைக் கெடுத்தது என் அவசரம். இரண்டாவதைக் கெடுத்தது என் பொய். முன்னதை மன்னிக்கலாம், பின்னதற்கு மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மெஷின் இருக்கலாம். குடும்ப ரீலை அதில் முதலில் போடாதீர்கள். வேண்டாத பழைய ஃபிலிம் துண்டு ஒன்றைப் போட்டு, விளக்கை எரியவிடாமல், கையால் சுற்றும் குமிழ் இருந்தால் அதைத் திருகி மெல்ல ஓட்டிப் பாருங்கள். நடுவில் நிறுத்தி, கேட் இருக்கும் இடத்தை ஃபிலிமில் பேனாவால் குறித்து வெளியே எடுங்கள். கீறல் குறிக்கு முன்னால் தொடங்குகிறதா, பின்னால் தொடங்குகிறதா என்று பார்த்தால் எந்தப் பாகம் கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். ஓடும்போது சத்தம் மாறினால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். துளைகளைக் கொக்கியால் இழுக்காமல் உருளைகளாலேயே நகர்த்தும் ஸ்கேனர்கள் இன்று இருக்கின்றன. மீதி ரீல்களை நான் அதற்குத்தான் கொடுத்திருக்கிறேன். தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த ரீலாவது மிஞ்சும்.