வழக்குரைஞரும் வற்றாத கல்வியும்

நம் நீதிமன்றங்களிலே நாள்தோறும் புழங்கும் சொற்கள் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். வக்கீல், வக்காலத்து, முன்சீப், அமீனா, தாவா, வாய்தா, அசல், நகல், ரத்து. இவையெல்லாம் அரபு மொழியிலே வேர் கொண்டு, பார்சி, உருது ஆகிய மொழிகளின் வழியே தமிழகம் வந்து சேர்ந்தவை. நவாபுகளின் ஆட்சி மறைந்தது. கம்பெனியாரின் ஆட்சியும் மறைந்தது. சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன. முன்சீப் என்றால் நீதி செய்பவர். அமீன் என்றால் நம்பத் தக்கவர். வாய்தா என்றால் வாக்குறுதி. வக்கீல் என்பவரோ, ஒருவர் தம் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பாளர். வக்காலத்து என்பது அந்த ஒப்படைப்பு.

வக்காலத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும் ஏழை விவசாயி, தம் நிலத்தையும் வீட்டையும் மானத்தையும் அமானிதமாகக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். பொருளை அமானிதமாகப் பெற்றவர் அதைப் பூட்டி வைத்தாலே கடமை தீர்ந்துவிடும். வழக்கை அமானிதமாகப் பெற்றவருக்கு அது போதாது. அவர் தம் அறிவையும் துரு ஏறாமல் காத்தல் வேண்டும். இக்கட்டுரையிலே நான் சொல்ல விழைவது அந்தத் துருவைப் பற்றித்தான்.

எனக்குச் சொந்த ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவிலில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்ந்தவன். சட்டம் பயின்றவன் அல்லன். சட்டக் கட்டுகளைச் சுமந்தவன். சுமந்தவனுக்கும் சில உண்மைகள் புலப்படும். ஒரு வக்கீலின் அலுவலகத்திற்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சுவரோரத்துப் புத்தக அலமாரியை. தீர்ப்புத் தொகுப்புகள் ஆண்டு வரிசையாகத் தோல் அட்டை கட்டி அடுக்கப்பட்டிருக்கும். அந்த வரிசை எந்த ஆண்டோடு முடிகிறது என்று பார்ப்பேன். பல அலமாரிகளில், வக்கீல் ஓரளவு பெயர் பெற்று வீடு கட்டிய ஆண்டோடு வரிசை முடிந்துவிடும். புத்தகம் நின்ற ஆண்டிலேயே வக்கீலும் நின்றுவிட்டார் என்பது பெரும்பாலும் மெய்யாகவே இருந்தது.

இந்தத் தேக்கத்தால் மிகுதியும் துன்புறுகிறவர் யார்? பிரதிவாதிதான் என்பது என் அனுபவம். காரணத்தைச் சொல்கிறேன். வாதி தமக்கு வசதியான காலத்தில் வழக்குத் தொடுக்கிறார். கடன் தொகைக்கு மூன்றாண்டுகள், உரிமை மூலத்தைக் கொண்டு அசையாச் சொத்தின் அனுபோகத்தைக் கோருவதற்குப் பன்னிரண்டாண்டுகள் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அவருக்கு அவகாசம் தருகிறது. அவருடைய வக்கீல் நூல்களைப் புரட்டலாம். மூத்தவர்களைக் கலந்து கொள்ளலாம். ஒரு மாதம் கழித்துப் பிராதை எழுதலாம். பிரதிவாதியோ வயலில் களை பறித்துக் கொண்டிருக்கையில் சம்மன் வருகிறது. அன்று முதல் முப்பது நாள்களுக்குள் அவர் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் இசைந்தால் தொண்ணூறு நாள்கள் வரை நீட்டிக்கலாம். அந்த எதிருரையில் குறிப்பாக மறுக்கப்படாத செய்தி ஒப்புக் கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். ஆகவே, வாதியின் வக்கீல் வழக்கு வந்த பின் படித்துக் கொள்ளலாம். பிரதிவாதியின் வக்கீல் வழக்கு வருவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

எங்கள் உறவினரான மூதாட்டி ஒருவர். பெரியும்மா என்றே அவரை அழைப்பேன். அவருடைய தந்தையார், கடைசிவரை தம்மைப் பேணிய மகளுக்குத் தாம் குடியிருந்த வீட்டை ஹிபாவாகக் கொடுத்தார். பெரியவர்கள் நால்வர் முன்னிலையில் வாயால் சொல்லி, சாவியையும் வீட்டுப் பத்திரங்களையும் மகள் கையில் கொடுத்து, ஒரு தாளிலும் எழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் தாள் பதிவு செய்யப்படவில்லை. பெரியும்மா தம் பெயரிலேயே வீட்டு வரி கட்டி வந்தார். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், 2010-இல் அண்ணன் மக்கள் பாகப் பிரிவினை கோரி வழக்குத் தொடுத்தனர்.

பெரியும்மாவுக்கு வாய்த்த வக்கீல் நல்ல மனிதர், நாவன்மை மிக்கவர். ஆனால், பதிவில்லாத நன்கொடைப் பத்திரம் செல்லாது என்று தம் இளமையில் கேட்டறிந்த ஒன்றை வேதவாக்காகக் கொண்டிருந்தார். எதிருரையில் ஹிபாவையும் அனுபோகத்தையும் குறிப்பிட்டாரேயன்றி, வாதாடும்போது அவற்றை வலியுறுத்தவில்லை. “பதிவில்லையம்மா, கிடைத்ததைக் கொண்டு சமாதானமாகப் போய்விடுங்கள்” என்றார். 2012-இல் தீர்ப்பும் எதிராகவே வந்தது. அன்று மாலை பெரியும்மா என்னிடம், “காயிதம் செல்லாதுன்னா, எங்க வாப்பா சொன்ன சொல்லும் செல்லாதா?” என்று கேட்டார்.

அந்தப் பாமரக் கேள்விதான் சட்டத்தின் கேள்வி என்பதை நான் பின்னரே அறிந்தேன். எங்கள் அலுவலகத்தில் இளம் பெண் வழக்குரைஞர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்துத் தீர்ப்புகளைப் படித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் சுருக்கம் எழுதி வைப்பார். அதைப் புரட்டி எனக்குக் காட்டினார். ஹபீஸா பீபீ வழக்கிலே உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு மே மாதமே முடிவு கூறிவிட்டது. முஸ்லிம் ஒருவர் செய்யும் ஹிபாவுக்கு வேண்டுவன மூன்று: கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, அனுபோகத்தை ஒப்படைத்தல். இம்மூன்றும் நிறைவேறியிருந்தால், அது எழுத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் பதிவு கட்டாயமாகிவிடாது. உயர் நீதிமன்றங்களிடையே நெடுங்காலமாக நிலவிய கருத்து வேற்றுமை அந்தத் தீர்ப்போடு நீங்கிற்று. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால், கொடுத்தவர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டியதில்லை என்பதும் அதற்கு முன்பே நிலைபெற்ற நெறி. மேல்முறையீடு செய்தோம். 2015-இல் வீடு பெரியும்மாவுக்கே என்று தீர்ப்பாயிற்று. விசாரணை நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோதே அச்சில் வந்திருந்த ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டுவார் இல்லாமையால், ஒரு மூதாட்டி மூன்றாண்டுகள் உறக்கமின்றிக் கழித்தார்.

பழைய தவறான எண்ணம் ஒரு வீட்டை இவ்வளவு பாடுபடுத்துமானால், புதிய சட்டங்களை அறியாமை எவ்வளவு பாடுபடுத்தும்? 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002 சூலை முதல் நாள் பெருந் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் நம் சேலத்து வழக்குரைஞர்களே. திருத்தங்கள் செல்லும் என்றும், ஆயினும் எதிருரைக்குரிய தொண்ணூறு நாள் எல்லையை அரிதான நிலைகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்றும் 2005-இல் முடிவாயிற்று. ஆனால், 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வேறு விதம். அதன் கீழ் வரும் வழக்கில் நூற்றிருபது நாள்கள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும். எந்த நீதிமன்றமும் தளர்த்த முடியாது. தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்குகளுக்கே உரியதாயிருந்த இச்சட்டம், 2018-இல் மூன்று லட்ச ரூபாய் வழக்குகளுக்கும் இறங்கி வந்தது. மூன்று லட்சம் என்பது பெருமுதலாளியின் கணக்கன்று. சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவரும் நூல் வாங்கி விற்பவரும் புரட்டும் தொகைதான். எப்போதும்போல் வாய்தா வாங்கிக் கொள்ளலாம் என்று எண்ணும் வக்கீலிடம் சிக்கிய வணிகரின் கதி என்னவாகும்?

2024 சூலை முதல் நாள், 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விடைபெற்று, பாரதிய சாக்ஷிய அதிநியம் அதன் இடத்தில் அமர்ந்தது. அன்று நடைமுறைக்கு வந்த மூன்று சட்டங்களும் குற்றவியலைச் சார்ந்தவை என்று உரிமையியல் வக்கீல்கள் சிலர் வாளாவிருந்தனர். சாட்சியச் சட்டம் இருவகை வழக்குக்கும் பொது என்பதை அவர்கள் மறந்தனர். துபாயிலிருந்து மகன் கைப்பேசியில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் கொண்டுதான் இன்று கடன் தீர்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அதைச் சான்றாக ஏற்க, அச்சட்டத்தின் 63-ஆம் பிரிவு வரையறுத்துள்ள படிவத்தில் சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தின் 65-பி பிரிவின்படி எழுதிய படிவத்தையே நீட்டினால், உண்மை கையில் இருந்தும் வாசலில் நின்றுவிடும்.

இவ்வளவு மாறுதல்களையும் வழக்குரைஞருக்குக் கற்பிப்பவர் யார்? நீதிபதிகளுக்குச் சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிலகமும், போபாலில் தேசிய நீதித்துறைப் பயிலகமும் உள்ளன. வழக்குரைஞருக்கு, 2010 முதல் அகில இந்திய வழக்குரைஞர் தேர்வு ஒன்று உண்டு. பட்டம் பெற்ற சூட்டில் ஒரு முறை எழுதித் தேறிவிட்டால் ஆயுளுக்கும் போதும். கருத்தரங்குகளும் சொற்பொழிவுகளும் நடத்துவதை 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் மாநில வழக்குரைஞர் மன்றங்களின் பணிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அவை நடைபெறவும் செய்கின்றன. ஆனால், ஆண்டுக்கு இத்தனை மணி நேரமேனும் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நாடு முழுவதற்குமாக நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா, அயோவா ஆகிய மாநிலங்கள் 1975-லேயே அதைக் கட்டாயமாக்கின. சிங்கப்பூர் 2012-இல் தொடங்கிற்று. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், எம். கே. நம்பியார் பெயரால் தொடர் சட்டக் கல்விக்கென்றே ஒரு பயிலகம் அமைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். வழக்குரைஞரின் தொழிற் குறைபாட்டுக்காக நுகர்வோர் மன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குரிய காரணங்கள் வலுவானவையாகவே இருக்கலாம். ஆயினும், கேட்பதற்கு ஒரு வாசல் அடைபடும்போது, கேட்க வேண்டிய நிலையே வராமல் காப்பது மேலும் கடமையாகின்றதன்றோ?

இது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. 1888-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமை மாலைகளில் ஒன்றுகூடிப் புதிய தீர்ப்புகளை ஆராய்ந்தனர். அந்தச் சனிக்கிழமைக் கழகத்திலிருந்துதான் 1891-இல் மெட்ராஸ் லா ஜர்னல் பிறந்தது. அதற்கும் முன்னரே, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். தமிழின் முதல் நாவலைத் தந்தவர் என்று அவரைப் போற்றும் நாம், சட்டத்தைத் தமிழில் தந்த அவருடைய தொண்டை நினைப்பதில்லை. நம் காலத்திலே, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயில், சட்டப் பணிக்கிடையே கம்பனையும் ஆழ்ந்து கற்று அறிஞர் அவைகளில் உரை நிகழ்த்தினார். அத்துணை அலுவலிலும் அவருக்குப் படிக்க நேரம் இருந்தது.

கட்டாயம் ஒன்றே போதும் என்று நான் கூறவில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்குப் பதினாறு மணி நேரம் என்று விதித்திருந்தார்கள். வகுப்பில் அமர்ந்ததைக் கணக்கிட்டார்களே தவிர, அறிவு வளர்ந்ததா என்று கணக்கிட இயலவில்லை. 2016-இல் மணிக் கணக்கைக் கைவிட்டு, தம் தொழிலுக்கு எது குறை என்பதை ஒவ்வொருவரும் ஆராய்ந்து கற்க வேண்டும் என்று மாற்றினார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் அருந்தக் கலையும் கல்வி நமக்கும் வேண்டாம்.

வேண்டுவது எளியது. 2004 முதல் உயர் நீதிமன்றம் மதுரைக்கே வந்துவிட்டது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நீதி ஊர் தேடி வரும்போது கல்வியும் வரலாகாதா? மேலநீலிதநல்லூரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. திங்களுக்கு ஒரு சனிக்கிழமை அங்கே ஓர் அறை கிடைத்தால் போதும். சுற்று வட்டார வழக்குரைஞர்கள் கூடி, அந்தத் திங்களின் தீர்ப்புகளுள் பிரதிவாதிகளுக்குப் பயன்படுபவற்றைத் தமிழிலேயே ஆராயலாம். 2023 சனவரி முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுப்பைக் கணினி வழியே இலவசமாக வழங்குகிறது. அலமாரி நிறைக்கப் பணமில்லை என்று இனி எந்த இளைஞரும் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். சம்மன் வந்தால் மறுநாளே வக்கீலைப் பாருங்கள். வரி ரசீதிலிருந்து பழைய கடிதம் வரை அனைத்தையும் கொண்டு செல்லுங்கள். “இந்தப் பொருளில் புதிய தீர்ப்பு ஏதும் வந்திருக்கிறதா ஐயா?” என்று பணிவோடு கேளுங்கள். படிக்கிற வக்கீல் அந்தக் கேள்வியால் மகிழ்வார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்குரைஞர் கிடைப்பார் என்பதையும் நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்திருக்கட்டும்.

பிறர் பொருளைக் காப்பவர் அமீன் எனப்படுகிறார். பிறர் வழக்கைக் காப்பவரும் அப்பெயருக்கு உரியவராக வேண்டுமானால், நேற்றைய தீர்ப்பை இன்று படிப்பவராக இருத்தல் வேண்டும். கறுப்பு அங்கி ஒரு முறை தைத்தால் பல்லாண்டு வரும். அதற்குள் இருக்கும் அறிவையோ திங்கள்தோறும் புதுப்பித்தாக வேண்டும்.