பூஜ்யமும் வெற்றிடமும்

மகாலக்ஷ்மி என்றதும் மும்பைவாழ் தமிழ் அன்பர்கள் பலருக்கும் அம்மன் சந்நிதியே நினைவில் எழும். நம் இல்லத்திலோ அப்பெயர் குதிரைப் பந்தய மைதானத்தைக் குறிக்கும். 1883-ஆம் ஆண்டில் தோன்றிய அம்மைதானத்துக்கு நம் பெரியப்பா பந்தய நாள்தோறும் மாதுங்காவிலிருந்து ரெயிலேறிச் செல்வார். கையில் ஒரு குறிப்பேடு இருக்கும். பெரியம்மாவின் வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாமற் போனது அக்காலத்தில்தான்.

சென்ற ஆண்டு நம் காரியாலயத்தில் ஒரு பணி வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் பந்தய விவரங்களைச் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு எடுத்து வழங்கும் கருவி ஒன்றுக்கு விளக்கக் குறிப்பு எழுத வேண்டும் என்றனர். முகவர் என்பது, இட்ட காரியத்துக்கு வேண்டிய கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கி விடை கொணரும் மென்பொருள். ஆந்த்ராபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிப்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், விளக்கமும், அது கேட்கும் உள்ளீடுகளின் பட்டியலும் தரப்படும். அவற்றைப் படித்தே முகவர் எதனை எப்பொழுது அழைப்பது என்று தீர்மானிக்கிறது. ஆகவே நம் வாசகன் மனிதனல்லன், யந்திரம்.

செய்தி கேட்ட பெரியம்மா, “உன் பெரியப்பாவைக் கெடுத்த குதிரைக்கு நீயும் ஜாதகம் எழுதப் புறப்பட்டாயா?” என்றார். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சென்னை வழக்கில் தீர்ப்பளித்ததை எடுத்துரைத்தோம். “தீர்ப்பு கிடைத்தது, வளையல் கிடைக்கவில்லையே!” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

பணியைத் தொடங்கிய பின்னரே அதன் இடர்ப்பாடு புலனாயிற்று. நம் நாட்டுப் பந்தயங்களில் எடை கிலோகிராமிலும் தூரம் மீட்டரிலும் குறிக்கப்படும். இங்கிலாந்திலோ குதிரை சுமக்கும் எடையை 9-7 என எழுதுவர். அது ஒன்பது ஸ்டோன் ஏழு பவுண்டு. ஏறத்தாழ 60 கிலோகிராம். அறியாதவன் அதனைத் தேதி என்றும் கொள்வான். தூரத்தை ஃபர்லாங்கில் அளப்பர். ஒரு ஃபர்லாங்கு சுமார் 201 மீட்டர். குதிரையின் முன்னைய ஓட்டங்களை 2140 என்பதுபோல் இலக்க வரிசையாகத் தருவர். வலக்கோடியில் நிற்பதே மிக அண்மைய ஓட்டம். அங்குள்ள பூஜ்யமோ, பத்தாவதாகவோ அதற்கும் பின்னரோ வந்ததைக் குறிக்கும்.

நாம் முதலில் எழுதிய குறிப்பு மிகச் சுருக்கமானது. சோதனையின்போது, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரை ஒன்றைப் பற்றி முகவரிடம் வினவினோம். அக்குதிரை ஓடவே இல்லையாதலால் முடிவுக்குரிய இடம் காலியாக இருந்தது. முகவர் அவ்விடத்தைப் பூஜ்யமாகக் கருதி, “அண்மையில் மிக மோசமாக ஓடியது” என்று தெளிவான நடையில் விடை பகர்ந்தது. லாயத்தை விட்டு நகராத குதிரைக்குத் தோல்வியைச் சூட்டிய பிழை நம்முடையதே. மனித வாசகனாயின் ஐயுற்று நம்மைக் கேட்டிருப்பான். யந்திரம் கேட்கவில்லை, தானே நிரப்பிக்கொண்டது.

மறுநாள் முழுவதையும் திருத்தி எழுதினோம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் அளவை இன்னதென்று குறித்தோம். வெற்றிடம் பூஜ்யமாகாது என்றும், விவரம் இல்லாவிடத்து ‘இல்லை’ என்றே கூற வேண்டும் என்றும் சேர்த்தோம். இக்கருவி கடந்த ஓட்டங்களைக் கூறுமேயன்றி வரப்போகும் வெற்றியைக் கூறாது என்ற வரியை முகப்பிலேயே வைத்தோம். பந்தயம் கட்டியோர் தொகை முழுவதையும் திரட்டி, கழகத்தின் பங்கும் வரியும் கழித்து, எஞ்சியதையே வென்றோர்க்குப் பகிர்வது டோட் முறை. அம்முறையில் கட்டியோர் அனைவரும் சேர்ந்து ஆதாயம் அடைவது எக்கருவியாலும் இயலாது.

பணி முடிந்தபின் பெரியப்பாவின் குறிப்பேட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். வென்ற தொகைகள் அழகிய கையெழுத்தில் இருந்தன. பல தேதிகளுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. அவர் போகாத நாட்கள் அவை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். பெரியம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். ஒரு வெற்றிடத்தில் விரலை வைத்து, “இது முதல் வளையல்” என்றார். சில பக்கங்கள் தள்ளி, “இது இரண்டாவது” என்றார்.

அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பழைய கணக்கேடுகளை ஒரு முறை எடுத்துப் பார்ப்பார்களாக. காலியிடங்களுக்குப் பொருள் சொல்லவல்ல பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் நலம்.