பூட்டான் பயணம் – 2: பதினெட்டு வாசல்கள்

சென்ற இதழில், நியூ ஜல்பைகுரியிலிருந்து புறப்பட்ட ரயில் என்னை ஹாசிமாராவில் இறக்கிவிட்ட இடத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து எல்லையூரான ஜெய்காவுக்கு 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரமே. சாலையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் சரிவுகளில் ஏறி இறங்கும் தேயிலையைக் கண்டு பழகிய கண்ணுக்கு, நெல்வயலைப் போலச் சமதரையில் பரந்து, இடையிடையே நிழல்மரங்கள் நிற்க, அடிவானம் வரைக்கும் விரிந்து கிடந்த அந்தப் பசுமை புதிதாயிருந்தது. வடக்கே அந்தப் பசுமை முடிகிற இடத்தில் திடீரென்று மலை எழுந்து நின்றது. முதலில் குன்று, அப்புறம் மேடு, அதன்பின் மலை என்று படிப்படியாக உயரும் வழக்கம் அங்கே இல்லை. சமவெளி முடிந்தால் பூட்டான்.

இந்தப் பிரதேசத்துக்கு டுவார்ஸ் என்று பெயர். ஆங்கிலேயர் நாவில் புரண்டு உருமாறிய சொல்லாயினும் அது நமக்கு அந்நியமானதன்று. சந்நிதியின் இருபுறமும் கதையூன்றி நிற்கிற துவாரபாலகரின் பெயரில் உள்ள அதே துவாரந்தான். மலைக்குள்ளிருந்து சமவெளிக்கு இறங்கும் ஒவ்வொரு வழியும் பூட்டானுக்கு ஒரு வாசல். அப்படி வங்காளத்தின் பக்கம் 11, அஸ்ஸாமின் பக்கம் 7, ஆக 18 வாசல்கள் இருந்தன. வாசல்கள் மட்டுமன்றி, அவற்றின் முன்னே விரிந்த சமவெளியும் ஒரு காலத்தில் பூட்டானின் ஆதிக்கத்தில் இருந்தது. அஸ்ஸாமின் பக்கத்து வாசல்களை 1841-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1864-இல் மூண்ட யுத்தத்தின் முடிவில், 1865 நவம்பரில் சிஞ்சுலாவில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் பதினெட்டுமே கைவிட்டுப் போயின. ஈடாகக் கிடைத்தது, ஆண்டுதோறும் 50,000 ரூபாய் வரை ஒரு மானியம். அதன்பின் இந்த மண்ணில் தேயிலை வந்தது. ஹாசிமாராவிலிருந்து நான் கண்டு களித்துக்கொண்டு வந்த பசுமைக்கு அதுவே பூர்வோத்தரம்.

பிரவேச விதிகளைப் பற்றி எழுதப் புகுந்தவன் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய சரித்திரத்தில் ஏன் நிற்கிறான் என்று வாசகர் கேட்கலாம். வாசல்களை இழந்த வீட்டார், எஞ்சியிருப்பதை எவ்வளவு கவனமாகக் காப்பார்கள் என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவருக்கு, எல்லையில் நான் கழித்த அந்தப் பகற்பொழுதின் அர்த்தம் விளங்காது.

ஜெய்காவின் கடைவீதியில், துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் ஆட்டோக்களின் ஓயாத ஒலிப்பானும் நெருக்கித் தள்ளுகிற கூட்டத்தின் நடுவே, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வர்ணம் தீட்டிய பூட்டானின் நுழைவு வளைவு நிற்கிறது. வாகனங்கள் அதன் வழியே போகின்றன. நடந்து செல்கிறவர்களுக்குச் சற்றுத் தள்ளித் தனியாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அங்கேதான், ரயிலில் என்னோடு வந்த திண்டுக்கல் தம்பதியரை மறுபடி சந்தித்தேன். கணவர் தலைகுனிந்து நின்றார். அந்தப் பெண்ணின் கையில் ஆதார் அட்டை இருந்தது.

"இது செல்லாதுன்னு சொல்றாங்க ஐயா. எந்த அட்டையா இருந்தாலும் போதும்னுதான் ஊர்ல டிக்கெட் போட்டுக் குடுத்தவர் சொன்னார்" என்றாள்.

வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு விலாசம் மாற்றவில்லை, அட்டை பழனியில் தாய்வீட்டில் எங்கோ கிடக்கிறது என்றாள். பாஸ்போர்ட் எடுத்ததேயில்லை.

இந்தியப் பிரஜைகளுக்குப் பூட்டான் செல்ல விசா வேண்டாம். ஆனால் பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட்டுக்கு ஏற்றுக்கொள்ளப்படும் சான்றுகள் இரண்டே இரண்டு: குறைந்தது ஆறு மாதத் தவணை மீதமுள்ள பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. பதினெட்டு வயது நிரம்பாதவர்களாயின் பிறப்புச் சான்றிதழோடு பெற்றோர் அல்லது பாதுகாவலர் உடன் வரவேண்டும். வங்கிக் கணக்குக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நம்மோடு பிரியாமல் இருக்கும் ஆதாருக்கு அங்கே இடமில்லாதது முதலில் எனக்கும் வருத்தமாகவே இருந்தது. நிதானமாக யோசித்தால் நியாயம் தெரிகிறது. ஆதார் இந்த நாட்டில் வசிப்பவர் எவருக்கும் கிடைக்கிறது. பிரஜையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதற்கில்லை. வாக்குரிமையோ பிரஜைக்கு மட்டுமே உரியது. விசாவின்றி உள்ளே விடுவது இந்தியப் பிரஜை என்ற ஒரே காரணத்தால் என்னும்போது, பிரஜை என்று சொல்லும் காகிதத்தைத்தானே வாசலில் கேட்க முடியும்? நாம் தேர்தலன்று மட்டும் தேடி எடுத்து, மறுநாள் அலமாரிக்குள் எறிந்துவிடுகிற ஓர் அட்டை, அயல்தேசத்தின் வாசலில் பாஸ்போர்ட்டுக்குச் சமமாக மதிக்கப்படுகிறது என்பதை அன்றைக்குத்தான் முழுமனத்தோடு உணர்ந்தேன். அதை மதிக்கிற தேசம், தன் பிரஜைகளின் வாக்கால் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையை அமைத்துக்கொண்டது 2008-இல்தான்.

கணவரிடம் வாக்காளர் அட்டை இருந்தது. "நீங்களாச்சும் போயிட்டு வாங்க, நான் இங்கே ரூம்ல இருக்கேன்" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் தலையை அசைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் மதாரிஹாட்டுக்குப் போய் ஜல்தாபாரா காட்டில் காண்டாமிருகம் பார்த்துவிட்டுத் திரும்புவதென்று முடிவாயிற்று. என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு விடைபெற்றார்கள். ஏமாற்றத்தைச் சொல்லாமல் மறைத்துக்கொண்ட அந்த முகம் அன்று முழுவதும் என்னை விட்டுப் போகவில்லை.

என் முறை வந்தபோது, கிரா உடுத்திய ஓர் இளம் பெண் அதிகாரி என் அட்டையை வாங்கிப் பார்த்தாள். கிரா என்பது அந்நாட்டுப் பெண்கள் கணுக்கால் வரை சுற்றிக் கட்டும் நெய்த ஆடை. அரசாங்க அலுவலகத்தில் தேசிய உடை கட்டாயம். என் அட்டையில் இருந்தது பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்படம். அன்று கறுத்திருந்த மீசை இன்று வெளுத்துவிட்டது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவள், தமிழ் எழுத்துக்களின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள். பிறகு கணினித் திரையைக் காட்டி, "இதில் உங்கள் குடும்பப் பெயர் எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வெளிதேசம் போன தமிழர் எவரும் பதில் சொல்லி அலுத்த கேள்வி அது. எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டுக்கொள்வோம், தந்தையின் பெயரைக் குடும்பப் பெயரென்று எழுதினால் எல்லோரும் என்னைத் தந்தையின் பெயர் சொல்லியே அழைப்பார்கள் என்று வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினேன். அவள் முகம் மலர்ந்தது. "எங்களுக்கும் கிடையாது. பிறந்ததும் லாமா இரண்டு பெயர் கொடுப்பார், இரண்டும் எனக்கே. அப்பாவின் பெயர் வேறு, தம்பியின் பெயர் வேறு" என்றாள். அவ்வளவுதான், அட்டையில் இருந்தபடியே என் பெயர் ஏறியது. எத்தனையோ விமான நிலையங்களில் பிழையைப் போல் பார்க்கப்பட்ட என் பெயர், இங்கே பக்கத்து வீட்டுப் பெயரைப் போல் புரிந்துகொள்ளப்பட்டது. மேஜைமேல் இருந்த சிறு காமிராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது கட்டணம். அங்கே எல்லோரும் எஸ்.டி.எஃப். என்று சொல்லும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம், இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதி. அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. நான் தங்க உத்தேசித்தது ஏழு இரவுகள். 8,400 ரூபாய் செலுத்தினேன். அறை வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் இதற்கு மேலே. பிற தேசத்தாருக்கு ஓர் இரவுக்கு 100 டாலர், விசாவுக்கு ஒரு முறை 40 டாலர். எல்லையூரைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் இந்தக் கட்டணம் வாங்குவதில்லை.

பணத்தைக் கொடுக்கும்போது மனம் கொஞ்சம் கூசியது உண்மை. ஆனால் இந்தக் கட்டணம் எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்டபின், அதைச் சுங்கம் என்று எண்ண என்னால் முடியவில்லை. 1958-இல் ஜவஹர்லால் நேரு பூட்டானுக்குப் போனபோது எல்லையிலிருந்து மலையேறும் சாலை கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாகக் குதிரை மீதும் நடந்தும் பாரோவை அடைந்தார். இந்தியாவின் உதவியோடு, ஜெய்காவை ஒட்டிய பூட்டான் ஊரான புன்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்புவுக்குச் சாலை வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். 1974-இல் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவை ஒட்டித்தான் அந்நிய யாத்திரிகருக்குக் கதவு திறந்தது; அந்த ஆண்டு வந்தவர்கள் 300-க்கும் குறைவு. 2019-இலோ 3 லட்சத்துக்கு மேல். அவர்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாம். மொத்த ஜனத்தொகையே 8 லட்சத்தை எட்டாத நாடு அது! அதுவரை இந்தியரிடம் கட்டணமே வாங்கியதில்லை. பாரோவிலும் திம்புவிலும் வண்டிகள் நெருக்கின. ஸ்தூபிகளின்மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றி அந்நாட்டார் மனம் நொந்தார்கள். 2020-இல் சட்டம் செய்து, இந்தியருக்கும் கட்டணம் விதித்தார்கள்.

வசூலாவது அரசாங்கப் பொக்கிஷத்துக்குப் போகிறது. பத்தாம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், அடிப்படை வைத்திய வசதியும் அந்நாட்டு அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டவை. நாட்டின் நிலப்பரப்பில் 60 சதவீதம் எக்காலமும் காடாக இருக்கவேண்டும் என்பதும் அதே சாசனத்தில் உள்ளது. பெரிய தொழிற்சாலைகள் அதிகமில்லாத, ஆற்றுநீரிலிருந்து மின்சாரம் எடுத்து நமக்கு விற்று ஜீவிக்கும் ஒரு சிறு ராஜ்யம், தன் காட்டைப் பார்க்க வருகிறவனிடம் அந்தக் காட்டுக்கு ஒரு பங்கு கேட்கிறது. கேட்க அதற்கு உரிமை உண்டென்றே கருதுகிறேன்.

இவ்வளவு சொன்னபின் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மை தவறியவனாவேன். கதவை அடைப்பதில் அந்நாட்டாருக்கே நோவு உண்டு. தொற்றுநோய்க் காலத்தில், 2020 மார்ச் தொடங்கி 2022 செப்டம்பர் 23 வரை, இரண்டரை ஆண்டுகள் வாசல் மூடியே கிடந்தது. ஜெய்காவில் நான் தேநீர் குடித்த கடைக்காரர், எதிர்வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கடைகள் பூட்டிக் கிடந்த அந்த நாட்களைக் கண்கலங்கச் சொன்னார். திறந்த அன்றே, பிற தேசத்தார் கட்டணம் இரவொன்றுக்கு 65 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்தது. யாத்திரிகர் வரவு சுருங்கியது; விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் தவித்தார்கள்; ஓராண்டில் அதை 100 டாலராகப் பாதியாக்கினார்கள். இந்தியருக்கு 1,200 ரூபாய் மாறவில்லை. எனக்கு அது தாங்கக்கூடிய தொகை. ஹாசிமாராவுக்கும் ஜெய்காவுக்கும் இடையே கூடையை முதுகில் சுமந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களுக்கோ அது பல நாள் கூலி. பிறந்தது முதல் வாசலைத் திறந்தால் அந்த மலையையே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எல்லையோரத்துத் தொழிலாளருக்கு ஆண்டில் சில நாட்களாவது கட்டணம் தள்ளி மடாலயங்களைத் தரிசிக்க விடலாகாதா என்று யாரிடம் விண்ணப்பிப்பதென்று தெரியாமல், இங்கே எழுதிவைக்கிறேன்.

கைக்கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டு புன்ட்ஷோலிங்கின் தெருவில் இறங்கினேன். ஒரே ஊரின் இரு பாதிகள்தாம்; ஆயினும் பத்தடிக்குப் பின்னே காதைத் துளைத்த ஒலிப்பான் இங்கே இல்லை. வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நான் காலை வைக்கத் தயங்கி நிற்க, வந்த வண்டி நின்று எனக்கு வழிவிட்டது. நாணயமாற்று என்ற தொல்லையும் இல்லை; 1974-இல் வந்த அந்நாட்டு நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சரிசமம்.

பிற்பகலில் திம்பு செல்லும் வண்டி கிளம்பியது. ஊரை விட்டதுமே வளைவுகள். ஐந்தாறு கிலோமீட்டர் ஏறியதும் ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடி. ஓட்டுநர் எங்கள் காகிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். நான் இறங்கிச் சாலையோரத்துச் சுவரருகே நின்றேன். கீழே, மலையிலிருந்து விடுபட்ட தோர்ஷா நதி, மணல்திட்டுகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் கரையில், மங்கிய புகைப்பச்சைக்குள் எங்கோ ஜல்தாபாரா.

தொலைபேசி மணி அடித்தது. இந்திய அலைவரிசை அந்த வளைவு வரை எட்டியிருந்தது.

"ஐயா, உள்ளே போயிட்டீங்களா? எங்களுக்கு இங்கேருந்து மலை நல்லாத் தெரியுது" என்றாள் திண்டுக்கல் பெண். "அம்மாவுக்குப் போன் போட்டேன். அட்டை பீரோவிலேதான் இருந்துச்சாம், பட்டுப்புடவைக்கு அடியிலே. எடுத்துப் பத்திரமா வச்சிட்டாங்களாம்."

சாவடியிலிருந்து ஓட்டுநர் கையசைத்தார். கம்பு உயர்ந்தது.

(தொடரும்)